வருமானச் சான்று வேண்டி மாவட்ட அதிகாரிக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
கோலகங்சார் மாவட்ட அலுவலகம்.

பொருள்: சம்பளச் சீட்டு இல்லாத குத்தகைத் தொழிலாளியின் உண்மை வருமானத்தை விசாரித்து, உயர்கல்விக் கடனுக்காகச் சான்று வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ உயர்நிலைப் பள்ளித் தேர்வு) முடித்த எனக்கு அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். எனும் கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்துவிட்டேன். பல்கலைக்கழகக் கடிதமும் கையில் இருக்கிறது. சிக்கல் அப்பாவின் வருமானத்தில்தான்.

அப்பா முன்பு தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி எல்லாம் இருந்தன. தோட்டம் கைமாறிய பிறகு அறுவடையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். இப்போது அப்பாவும் இன்னும் மூன்று பேரும் ஒரு குழுவாகக் குலை வெட்டுகிறார்கள். டன் கணக்கில் கூலி. நான்கு பேருக்கும் சேர வேண்டிய பணத்தைக் குத்தகையாளர், குழுவில் மூத்தவர் என்று அப்பாவின் வங்கிக் கணக்கில் மொத்தமாகப் போடுகிறார். அப்பா அதை எடுத்து அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிடுவார்.

வங்கி அறிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? 7,200 ரிங்கிட் வந்த மாதம் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தது 1,800. அதுவும் பழம் நிறைய இருந்த மாதம். மழைக் காலத்தில் லாரி உள்ளே வராது, வெட்டிய குலை பாதையோரம் கிடக்கும். அப்போது 1,000 ரிங்கிட்டைத் தொடுவதே பெரும்பாடு. அம்மா உதிரிப் பழம் பொறுக்குவதும் அப்பாவின் பங்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. (குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் தனி மனுதான் போட வேண்டும்.)

இந்த வங்கி அறிக்கையால் எங்கள் எஸ்.டி.ஆர். (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க ரொக்க உதவி) விண்ணப்பம் தள்ளுபடியானது. குத்தகையாளரிடம் கடிதம் கேட்டால் "சரி, தருகிறேன்" என்கிறார், தருவதில்லை. விசாரித்த அலுவலக முகப்பு ஒன்றிலோ வங்கி அறிக்கையே போதும் என்றார்கள். எங்களுக்கு எதிராக நிற்பதே அதுதான்!

எஸ்.டி.ஆர். பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முழு அளவு கடன் கிடைக்கும். வருமானம் கூடக் கூட அது 75 விழுக்காடு, 50 விழுக்காடு என்று குறையும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று உள்ள 1,500 ரிங்கிட் முன்பணமும் எனக்குக் கிடைக்காமல் போகலாம். அது இலவசப் பணம் இல்லை, பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் பதிவு நாளில் கட்ட வேண்டியதைக் கட்ட எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஆகவே, தங்கள் அதிகாரி ஒருவரை அனுப்பி நேரில் விசாரித்து, அப்பாவின் பங்கை மட்டும் வருமானமாகக் காட்டும் சான்று ஒன்றை, பல்கலைக்கழகப் பதிவுக்கு முன்பே கிடைக்கும்படி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். தகுதி இருந்தால் எங்கள் குடும்பத்தை இ-காசே எனும் ஏழைக் குடும்பங்களின் அரசாங்கப் பட்டியலிலும் சேர்க்க வேண்டுகிறேன். இதே நிலையில் உள்ள வேறு குழுக்களும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே சான்றுக்குத் தங்களிடம் வருவார்கள்.

அப்பாவின் சத்தியப் பிரமாண அறிக்கை, மற்ற மூவரும் கையெழுத்திட்ட கடிதம், வங்கி அறிக்கை, அப்பாவின் கணக்கு நோட்டுப் பிரதி ஆகியவற்றை இணைத்துள்ளேன். எந்த நாள் எத்தனை குலை, யாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எல்லாம் இருக்கிறது. வங்கித் தொகையோடு அது ஒத்துப்போகிறது. கணக்கியல் படிக்கப் போகிறவள் அல்லவா, நானே சரிபார்த்தேன். குழுவில் உள்ளவர்களும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதால் மனுவைத் தமிழில் எழுதினேன். மலாய்ப் பிரதியும் உடன் இருக்கிறது.

அப்பா பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். மற்ற மூவரும் எங்கள் லயத்தில், அதாவது அதே தோட்ட வரிசை வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். அதிகாரி வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் நால்வரையும் ஒன்றாகச் சந்திக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்