சரஸ்வதி பூசையன்று நடந்தது குறித்துப் பெற்றோருக்கு

அன்புமிகு பெற்றோர்களே, வணக்கம்.

சென்ற வாரம் நம் பள்ளி மண்டபத்தில் சரஸ்வதி பூசை நடந்தபோது, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் நெற்றியில் அவளைக் கேட்காமலேயே திருநீறு பூசப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. வரிசையில் எல்லாருக்கும் பூசிக்கொண்டே வந்த ஆசிரியர் அவளுக்கும் பூசிவிட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவள் புறங்கையால் துடைத்தாள். பக்கத்துப் பிள்ளைகள் "சாமி குத்தம்" என்றதும் மண்டபத்தை விட்டு இறங்கிப்போய், சிற்றுண்டிச்சாலை பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் சாம்பல் தடம். அதைக் காட்டி, "அம்மா ஏசுவாங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் தாயார் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகாமல், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். சண்டை போடவில்லை. "சார், அவ சாமி கும்பிட மாட்டேன்னு சொல்லல. அவ கும்பிடுற சாமி வேற" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பள்ளியின் பொறுப்பில் நடந்த தவறு என்பதால் இதை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 12(3) பிரிவு தெளிவாகவே சொல்கிறது: தன் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையைப் பெறும்படியோ, அதன் சடங்கிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படியோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தப் பிரிவை நம் பிள்ளைகள் வெளியே போகும்போது அவர்களைக் காக்கும் சட்டமாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். நாட்டில் நாம் சிறுபான்மை. இந்த மண்டபத்துக்குள் பெரும்பான்மை நாம்தான். இங்கே அந்தப் பிரிவு அந்தச் சிறுமிக்கு.

"யாரும் வற்புறுத்தலையே சார்" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளை, ஆசிரியரின் கை நெற்றிக்கு வரும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்? நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில், மாரியம்மன் கோயிலில் அம்மா கட்டிவிட்ட கயிற்றை ஓர் ஆசிரியர் கத்தரிக்கோலால் வெட்டினார். யாரும் என்னை இழுத்துப் பிடிக்கவில்லை; கையை நானேதான் நீட்டினேன். வீட்டுக்குப் போய், கயிறு தானாக அறுந்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அதற்காக எந்தச் சமய அடையாளத்தையும் பள்ளியில் தடுக்கவே முடியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 11(1) பிரிவு அவரவர் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. ஆனாலும் மூன்று முஸ்லிம் மாணவர்கள் தலைப்பாகை அணிந்து வந்தது பற்றிய வழக்கில், பள்ளியின் தடை செல்லும் என்று 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சீருடை விதியைக் காட்டிக் கயிற்றைக் கழற்றச் சொன்னால், சட்டம் நம் பக்கம் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று என்னைக் கழற்றச் சொல்லியிருந்தால் கழற்றியிருப்பேன். ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டியதுதான் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் மனத்தில் கிடக்கிறது.

பிள்ளையின் சமயத்தை யார் முடிவு செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தீர்மானிப்பார் என்கிறது 12(4). பெற்றோர் என்றால் ஒருவரா, இருவருமா? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுத்துப் போராடியவர் நம் பக்கத்து ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி. பிள்ளைகளை மதம் மாற்றத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 29 ஜனவரி 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய நாம், அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர் என்று இருக்கும் நம் தோட்டத்து வீடுகளிலும் இருவரையும் கேட்பதுதான் முறை.

பூசையையே நிறுத்திவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏட்டையும் பென்சிலையும் படத்தின் முன் வைத்துக் கும்பிட ஆசைப்படும் பிள்ளைகளின் உரிமையும் உரிமைதான். நடத்தும் விதத்தை மாற்றுகிறோம். இனித் திருநீற்றுத் தட்டு மேசையில் இருக்கும். வேண்டிய பிள்ளை தானே எடுத்துப் பூசிக்கொள்ளும். கலந்துகொள்ளாத பிள்ளைகள் ஓர் ஆசிரியரோடு நூலகத்தில் இருப்பார்கள், யாரும் தனியாகச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார வேண்டியதில்லை. சுண்டலும் பொங்கலும் ஓய்வு நேரத்தில் வழக்கம்போல் வழங்கப்படும், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். வரவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையிடமும் காரணம் கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். "சாமி குத்தம்" என்று சொன்ன பிள்ளைகளிடம் நானே பேசினேன். நீங்களும் வீட்டில் ஒரு வார்த்தை பேசுங்கள்.

இத்துடன் ஒரு பாரம் (படிவம்) இணைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளை பள்ளியின் எந்தெந்தச் சமய நிகழ்வில் கலந்துகொள்ளலாம் என்பதைக் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒருவர் வெளியூரில் வேலை செய்தால், பாரத்தின் படத்தை அவருக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கினால் போதும். எழுதுவதற்குச் சிரமப்படுகிறவர்கள் காலையில் பிள்ளையை விட வரும்போது அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுங்கை சிப்புட் வட்டாரம், பேராக்