யாரை வைத்து அளந்தார்கள்?

அன்புள்ள மீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பாதி நிம்மதி. மீதிப் பாதி, பக்கத்துக்குப் பக்கம் நீ என்னோடு சண்டை பிடித்திருப்பதைப் பார்த்ததும் வந்தது.

மனிதர்கள்தாம் ஆள் பார்த்து நடப்பார்கள், கருவிக்கும் விதிக்கும் அந்தப் புத்தி கிடையாது, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதை விடப் பெரிய நியாயம் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக் காலத்திலிருந்தே நீ இந்தக் கட்சி. அளவுகோல் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவுகோலை யாரை வைத்துச் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

கொரோனா நாள்களில் விரல் நுனியில் மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அந்த ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். (உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார். அந்தச் செய்தியைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.) அழகான யோசனை அது. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் செலுத்துவார்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் இரண்டு ஒளிகளின் விகிதத்திலிருந்து சதவீதம் கிடைத்துவிடும். ஆனால் ஒளி ரத்தத்தைத் தொடுவதற்கு முன் தோலைக் கடக்க வேண்டுமே. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் ஒளியை விழுங்குகிறது. விகிதத்தை எண்ணாக மாற்றும் கணக்கோ, உடல்நலமுள்ள தன்னார்வலர்களைச் சோதித்துப் பார்த்து வகுத்தது. அவர்களில் கருமையான தோலுடையவர்கள் சொற்பம்.

விளைவு என்ன தெரியுமா? 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தால், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம்தான். எண்ணைப் பார்த்துப் படுக்கை ஒதுக்கிய நாள்கள் அவை. யாருக்குப் படுக்கை இல்லை என்று சொல்லியிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இது புதிதாகத் தெரிந்ததும் அல்ல, மீனா. 1990லேயே மருத்துவ இதழ் ஒன்றில் இதே குறை அச்சேறியிருக்கிறது. முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டுகளில் கருவி மலிவானது, சிறியதானது, சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு வந்தது. குறை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான், ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? தேடிப் பார்த்தால் கெட்டவன் ஒருவனும் அகப்பட மாட்டான். எல்லோரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள். ஆள் பார்த்து நடக்கும் மனிதனிடமாவது முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம். எண்ணிடம் என்ன கேட்பது? "இயந்திரம் சொல்கிறதே" என்றால் நோயாளியே தன் மூச்சுத்திணறலைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்.

கார்களின் கதையும் இதுதான். மோதல் சோதனையில் உட்கார வைக்கும் பொம்மைகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். 1970களில் உருவாகி இன்றும் உலகெங்கும் பயன்படும் முக்கியமான பொம்மை, சுமார் 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆண். பெண் பொம்மை என்று ஒன்று இருந்தது, ஆனால் அது அந்த ஆணையே சுருக்கிச் செய்தது, மிகக் குள்ளமான பெண்ணின் அளவில். நடுத்தர உயரமுள்ள பெண்ணுக்கு, அதாவது உனக்கும் எனக்கும், பொம்மை ஏதும் இல்லை. 2022இல்தான் சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற ஆய்வாளரின் குழு, 162 சென்டிமீட்டர், 62 கிலோ அளவில் ஒன்றைச் செய்து காட்டியது. நேருக்கு நேர் மோதும் விபத்துகளில், பெல்ட் போட்டிருந்தாலும் பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு 73 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019இல் கணக்கிட்டது. பெண்கள் ஓட்டுவது பெரும்பாலும் சிறிய கார்கள், அதுவும் ஒரு காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கட்டும். சோதிக்காமலே விட்டதற்கு அது எப்படிச் சமாதானம் ஆகும்?

அலுவலகக் குளிர்சாதனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ சிரிப்பாய். நாம் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்தோமே, அந்த வெப்பநிலைக் கணக்கு 1960களில் வகுத்தது. உடல் எவ்வளவு வெப்பம் வெளியிடுகிறது என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட மாதிரி, நாற்பது வயது, எழுபது கிலோ ஆண்.

விதி சமமாக இருந்தும் நியாயம் பிசகுவதற்குப் பொதுக் கழிப்பறையை விஞ்சிய உதாரணம் கிடையாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தரைப்பரப்பு ஒன்றுதான், ஒரு சதுர அடி கூடக் குறையாது. ஆனால் ஆண்கள் பக்கம் நின்றபடி பயன்படுத்தும் பீங்கான்களை வரிசையாகப் பதித்தால் அதே இடத்தில் அதிகம் பேருக்கு வசதி. பெண்களுக்குக் கதவடைத்த அறைகள் மட்டுமே, நேரமும் கூடுதலாக ஆகும், கையில் குழந்தை வேறு. வரிசை எந்தப் பக்கம் நீளும் என்று ஒவ்வொரு இடைவேளையிலும் பார்க்கலாம். வரைபடம் போட்டவரைக் கேட்டால் சமமாகத்தான் பிரித்தேன் என்பார். பொய்யும் இல்லை.

அப்படியானால் ஆளுக்கொரு விதியா என்று அடுத்த கடிதத்தில் பாய்வாய். அதற்கு முன் இதைக் கேள். 1950இல் அமெரிக்க விமானப்படை, விமானிகளுக்கு விபத்து ஏன் அதிகமாகிறது என்று ஆராய்ந்தது. விமானி அறை 1926இல் எடுத்த சராசரி அளவுகளின்படி கட்டியது. சராசரி மாறியிருக்கும் என்று நினைத்து 4,063 பேரை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி மட்டும் வேறு மாதிரி யோசித்தார். உயரம், மார்பளவு, கைநீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் சராசரியை ஒட்டி வருபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவரும் இல்லை! இத்தனைக்கும் சராசரி என்பதை அவர் தாராளமாகவே வகுத்திருந்தார், நடுவிலுள்ள முப்பது சதவீதம் என்று. எல்லோருக்குமாகக் கட்டிய அறை ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஒவ்வொரு விமானிக்கும் தனி விமானம் கட்ட முடியுமா? இருக்கையையும் மிதிகளையும் பட்டைகளையும் நகர்த்திக்கொள்ளும்படி செய்யச் சொன்னார்கள். முடியாது, செலவாகும் என்று முதலில் முணுமுணுத்த நிறுவனங்கள் பிறகு செய்தன. இன்று காரில் ஏறியதும் இருக்கையை முன்னே இழுத்துக்கொள்கிறோம், அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை.

செலவு பற்றி நீ எழுதியது மட்டும் என்னை யோசிக்க வைத்தது. ஆக்சிமீட்டருக்கான முந்தைய அமெரிக்க வழிகாட்டி, பத்துப் பேரைச் சோதித்தாலே போதும் என்றது. 2025 ஜனவரியில் வந்த வரைவு, பல தோல் நிறங்களிலும் சேர்த்து 150 பேராவது வேண்டும் என்கிறது. சிறு நிறுவனங்களுக்கு இது பாரம்தான், கருவியின் விலையும் ஏறலாம். ஏறினால் ஏழைகளுக்குத்தானே முதல் அடி என்கிறாய். மறுக்கவில்லை. ஆனால் பிழை செய்யும் கருவிக்கும் ஒரு விலை இருந்தது. அதை இத்தனை காலம் கட்டியவர்கள் யார் என்று ரசீதில் எழுதாததால் மலிவு என்று நினைத்துக்கொண்டோம். பணத்தை யார் போடுவது என்பதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை, உன்னிடம் இருந்தால் எழுது.

மகள் புதுக் கார் வாங்கப்போகிறாள் என்றாயே. கதவுத் தூணில் பெல்ட்டை ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் பார்க்கச் சொல். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் படிய வேண்டும். நிறத்தை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

அன்புடன்,
வசந்தி