கிளிகளின் இறகு நோய்க்கு மரபணுச் சோதனையே முதல் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூண்டுக் கிளிகளின் இறகு உதிர்வுக்கு வேப்பிலைத் தண்ணீரும் சத்துணவும் போதும் என்று தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். பேன் தொல்லையோ சத்துக் குறைவோ காரணமாக இருந்தால் அது பலிக்கலாம். ஆனால் அலகு-இறகு நோய் என்னும் வைரஸ் நோயாக இருந்தால், அந்தக் குறிப்பை நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் பக்கத்துக் கூண்டுகளுக்கும் அது பரவிவிடும்.

வழக்கம்போல் இறகு மாற்றும் கிளிக்குப் புது இறகு ஒழுங்காக விரியும். நோய் முற்றிய கிளிக்கோ முளைக்கும் இறகு உறை கழலாமல் ஊசிபோல் நின்றுவிடும். அடித்தண்டு கிள்ளிவிட்டதுபோல் இடுங்கி, உள்ளே உறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாகத் தெரியும். இந்த அடையாளங்கள் தோன்றும் முன்பே, பார்வைக்கு நலமாக இருக்கும் கிளி தன் இறகுத் தூளிலும் எச்சத்திலும் வைரஸை வெளியிடக்கூடும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. நோயைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் இங்கும் உதவுகிறது. ஏறத்தாழ 2,000 மரபணு எழுத்துகளே கொண்ட இந்த வைரஸின் டிஎன்ஏவில் ஒரு துண்டைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டுவதால் மிகச் சிறிய அளவும் அகப்பட்டுவிடும். இத்தனை நுட்பமான சோதனை என்பதாலேயே மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். கூண்டின் அடியில் கிடக்கும் இறகைப் பொறுக்கி அனுப்பினால், அதில் ஒட்டிய வேறொரு கிளியின் தூளே முடிவைப் புரட்டிவிடலாம். புதிதாகப் பிடுங்கிய இறகின் அடிக்குருத்தும், மருத்துவர் நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தமுமே நம்பகமானவை. அடையாளம் எதுவும் இல்லாத கிளிக்கு வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் உடனே அதைக் கொன்றுவிட வேண்டியதில்லை. தனியே வைத்து 90 நாள் கழித்து மீண்டும் சோதிப்பதே முறை, ஏனெனில் சில கிளிகள் தொற்றிலிருந்து தாமாகவே மீள்வதுண்டு.

மொரீஷியஸில் வாழும் நமக்கு இது வீட்டுக் கூண்டோடு முடிகிற விஷயமன்று. இங்கு ‘கத்தோ வெர்’ என்று அழைக்கப்படும் எக்கோ கிளி இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. 1980களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன அந்த இனத்தை மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் அரசும் பாடுபட்டு மீட்டுவந்த நிலையில், 2000களின் நடுவில் இதே நோய் அவற்றிடையே பரவியது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு இங்கு பெருகிய செந்தார்ப் பைங்கிளிகளிடமும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் மரத்துக்கு மரம் காணும் அதே கிளிதான். அங்கே அது சொந்தப் பறவை, இங்கே வந்தேறி.

ஆகவே கிளி வாங்குவோர் விற்பவரிடம் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் சோதித்து முடிவு வரும்வரை புதுக் கிளியைப் பழைய கிளிகளோடு சேர்க்கக் கூடாது. புண்ணியம் என்று எண்ணி நோயுற்ற கிளியைக் கூண்டு திறந்து பறக்கவிடும் வழக்கத்தை அறவே விட வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் விளக்கம் பெற்று, முந்தைய குறிப்பு வந்த அதே பக்கத்தில் தாங்கள் வெளியிட்டால், அதைப் படித்து வேப்பிலை பறித்துக்கொண்டிருப்போர் கண்ணிலும் படும்.

இங்ஙனம்,
கிளி வளர்க்கும் வாசகர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்