அது மண்பானை இல்லை அக்கா

டொரொன்டோ,
ஆனி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரையில் நீங்கள் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். வேலை மெத்த என்றால் நம்பமாட்டீர்கள், விடுங்கள்.

நான் அனுப்பின படத்தில் இருந்தது மண்பானை இல்லை, மரம். பக்கத்து வீட்டுக் கிழவர் கடைந்தது. காரைப் பனிக்குள் நிற்கவிட்டு, கராஜுக்குள் கடைசல் மெசினை வைத்திருக்கிற ஆள் அவர். வணக்கம் சொன்னால் பதில் வராது, மரத்துண்டைத்தான் நீட்டுவார். அத்தான் செய்முறை கேட்டாரே, இதை வாசித்துக் காட்டுங்கள்.

மரம் செரி என்கிற பழமரம். வெட்டின பச்சையோடு கடையவேண்டும். கட்டையை நீளத்துக்குப் பிளந்து நடு நெட்டியைக் கழித்துவிடச் சொல்லுங்கள். அது இருந்தால் காயும்போது அங்கிருந்துதான் வெடிக்கும். பத்து அங்குலப் பானைக்கு முதல் கடைசலில் ஒரு அங்குலத் தடிப்பு விடுவது கணக்கு. பிறகு அதன் சீவலோடேயே கடதாசிப் பைக்குள் வைத்து, கிழமைக்கு ஒருக்கா நிறுக்கவேண்டும். நிறை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. மாதக்கணக்காகும். அதற்குள் வாய் முட்டைபோல் கோணிவிடும், ஆண்டு வளையத்தின் போக்கில் மரம், நடுவிலிருந்து வெளியே போகிற போக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குவதால். அந்தக் கோணலைச் சீவத்தான் ஒரு அங்குலம். இரண்டாம் கடைசலில் கால் அங்குலத்துக்குக் கொண்டுவரலாம். ஒடுங்கின கழுத்துக்குள்ளால் குடையும்போது சீவல் அடைந்து உளியைக் கவ்வும். மெசினை நிப்பாட்டி நிப்பாட்டிக் கொட்டவேண்டும். சுழலும்போது விரல் விடவே கூடாது.

நிறம்தான் விசயம். புத்தளத்துப் பக்கம் பொம்பரிப்பில் ஈமத்தாழிகளோடு தோண்டி எடுத்த கறுப்பு-சிவப்புச் சட்டிகளைப் பார்த்துச் செய்தது. நம்மட கதிரவெளியிலும் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருக்குதே, அந்தக் காலத்துச் சாமான். சட்டியைக் கவிழ்த்துச் சுட்டதில் காற்றுப்படாத உள்ளும் வாயும் கறுத்து, வெளிப்புறம் சிவந்ததாம். மரத்தைச் சுட ஏலாது. ஆனால் செரி வெயில்பட்டுத் தானாகவே சிவக்கும். கறுப்புக்கு, இரும்பு நாரை வினாகிரியில் ஒரு கிழமை ஊறப்போட்டு வடித்த தண்ணீர். அதற்கு முதல் கடும் சாயத் தேத்தண்ணி இரண்டு தரம் பூசிக் காயவிடவேண்டும்; துவர்ப்புப் போதாவிட்டால் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். கறுப்பு சிவப்புக்குள் ஊர்ந்து போகாமல் எல்லையில் நூலளவு பள்ளம் வெட்டினால் சரி. கடைசியில் ஆளிவிதை எண்ணெய். துடைத்த சீலையைக் குவித்துப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும், கொடியில் விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் அதில் தண்ணீர் வைக்க ஏலாது, தயிரும் உறைய வைக்க ஏலாது. இங்கே தயிர் பிளாஸ்டிக் வாளியில் வரும், கரண்டி பட்டால் நீராகிப்போகும். அம்மா சட்டியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குகிற எருமைத் தயிர் நினைவுக்கு வந்து, கிழவர் முன்னால் ஒன்றும் பேசாமல் நின்றேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த மாதக் காசு ஒரு கிழமை சுணங்கும். வங்கியில் ஏதோ வேலையாம், யோசிக்கவேண்டாம்.

தங்கச்சிக்கு வளவை எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை, பெண்பிள்ளைக்குத்தானே நம்மட வழக்கம். காணி உறுதியில் வடக்கு வேலி அளவைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள், மாமா அவசரப்படுவார். மாரிக்கு முதல் அடுப்படிக் கூரை ஓடுகளையும் மாற்றிவிடுங்கள். அம்மாவின் கண் கிளினிக் திகதியை மறக்காமல் எழுதுங்கள்.

உங்கட தம்பி