‘ஆல்பைன்’ என்ற சொல்லுக்கு ஒற்றை வரிப் பொருள் போதாது: கலைச்சொல் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கலைச்சொல் அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்கம் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘ஆல்பைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘மலை சார்ந்த’ என்றோ ‘உயர்மலைக்குரிய’ என்றோ ஒரே வரியில் பொருள் தரும் வழக்கத்தை அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டுகிறேன்.

இச்சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினால், அது பெரும்பாலும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடருக்குரியதைக் குறிக்கும். சிறிதாக எழுதினால், உலகில் எந்த மலையானாலும், மரங்கள் வளரக்கூடிய எல்லைக்கு மேலுள்ள பகுதியைக் குறிக்கும். நம் எழுத்தில் அந்த வேறுபாட்டுக்கே இடமில்லை என்பதால், ‘ஆல்பைன் ஏரி’ என்று படிக்கும் தமிழ் வாசகர் அது ஆல்ப்ஸில் உள்ளதா, இமயத்தில் உள்ளதா என்று அறிய வழியில்லாமல் போகிறது. உயிரினப் பெயர்கள் குழப்பத்தை இன்னும் கூட்டுகின்றன. ஆல்பைன் ஐபெக்ஸ் என்னும் காட்டாடு ஆல்ப்ஸுக்கே உரியது. ஆல்பைன் சஃப் என்னும் மஞ்சள் அலகுப் பறவையோ ஸ்பெயின் தொடங்கி இமயம் வரை வாழ்கிறது.

‘உயர்மலை’ என்ற சொல்லில் உள்ள சிக்கல் இதைவிட ஆழமானது. நார்வேயின் வடகோடியில் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு மரம்கூட நிற்பதில்லை. இமயத்தில் 3,000 மீட்டரிலும் கருவாலி மரங்களும் ஃபிர் மரங்களும் அடர்ந்து நிற்கின்றன. இவற்றுள் முன்னதே ஆல்பைன் பகுதி, பின்னது அன்று. அப்படியானால் இச்சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது உயரம் ஆகாது. வளர்பருவத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் இடத்தில் மரங்கள் வளர்வது நின்றுவிடுகிறது. உயர்ந்து நிற்கும் மரத்தின் கிளைகள் குளிர்காற்றின் வெப்பநிலையிலேயே வளர வேண்டியிருக்க, தரையோடு ஒட்டிய செடிகள் வெயிலில் சூடேறிய மண்ணின் வெதுவெதுப்பைத் தக்கவைத்துக்கொள்கின்றன. பாறையிடுக்கில் உள்ளங்கையளவு மெத்தைபோல் திரண்டு, இளஞ்சிவப்புப் பூக்களால் தன்னை மூடிக்கொள்ளும் சைலீன் அகாலிஸ் என்ற செடியைப் பார்த்தாலே ‘ஆல்பைன் தாவரம்’ என்பதன் பொருள் விளங்கிவிடும். ‘மலைத் தாவரம்’ என்று அதை மொழிபெயர்ப்பது, மூங்கிலையும் அதையும் ஒரே வகையில் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

சிலர் இவ்விடத்தில் ‘குறிஞ்சி’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லின் மீது எனக்கும் பெரும் பற்று உண்டு. ஆயினும் அது இங்குப் பொருந்தாது. குறிஞ்சித் திணை நமக்குக் காட்டுவது வேங்கையும் மூங்கிலும் தேனடையும் தினைப்புனமும் கொண்ட நிலம். மரமும் மக்கள் வாழ்வும் செழித்த அந்நிலம், ஆங்கிலத்தில் ‘மான்டேன்’ எனப்படும் காட்டுமலைப் பகுதிக்கே நெருக்கமானது. ஆல்பைன், மான்டேன் ஆகிய இரண்டையும் ‘மலைசார்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால், காடு எங்கே முடிகிறது, புல்வெளி எங்கே தொடங்குகிறது என்று கூறும் கட்டுரையைத் தமிழில் எழுதவே இயலாது. புவி வெப்பமாவதால் பல மலைகளில் மரங்களின் எல்லை மேல்நோக்கி நகர்ந்துவரும் இக்காலத்தில் அத்தகைய கட்டுரைகள் நமக்கு மிகவும் தேவை.

விளையாட்டுத் துறையில் ‘ஆல்பைன் பனிச்சறுக்கு’ என்று ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம். மலையேற்றத்தில் மட்டும் ஒரு விளக்கம் வேண்டும். 1975இல் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் காரகோரத்தின் காஷெர்புரம் 1 சிகரத்தை ‘ஆல்பைன் முறையில்’ ஏறினார்கள் என்றால், சுமைதூக்குவோரையும் முன்கூட்டியே நிறுவிய முகாம்களையும் நம்பாமல், வேண்டியதைத் தாங்களே சுமந்து விரைந்து ஏறினார்கள் என்று பொருள். இதனை ‘மலைமுறை’ என்று எழுதினால் ஒன்றும் விளங்காது.

ஆகவே, ஆல்ப்ஸ் தொடருக்குரிய பொருளில் ‘ஆல்ப்ஸ்’ என்பதையே அடைமொழியாக்கி, ‘ஆல்ப்ஸ் சிற்றூர்’ என்பதுபோல் வழங்கலாம். சூழலியல் பொருளில் ‘மரவெல்லைக்கு மேற்பட்ட’ என்ற தொடரை முன்மொழிகிறேன். ‘மரவெல்லைக்கு மேற்பட்ட புல்வெளி’ சற்று நீளம்தான், எனினும் படித்தவுடன் விளங்கும். இதனினும் செறிவான சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்வுடன் ஏற்பேன். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், ‘மான்டேன்’ என்பதற்கு வேறொரு சொல்லை ஒதுக்கி, இரண்டு பதிவுகளுக்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்