தேமல் நோயும் குச்சிக்கிழங்கின் காட்டு உறவுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மரவள்ளித் தேமல் நோயைப் பற்றி வெளியான கட்டுரை, அந்நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை அழிக்கும் மருந்துகளைப் பற்றியே பெரிதும் பேசியிருந்தது. இராசிபுரம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வைத்து வருகிறவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாத ஒன்றை எழுத விரும்புகிறேன். இந்நோய்க்கு எதிராக நிலைத்து நின்ற எதிர்ப்புச் சக்தி மருந்துக்கடையிலிருந்து வந்ததன்று. மரவள்ளியின் காட்டு உறவுச் செடியிலிருந்தும், விவசாயிகள் காத்து வந்த பழைய ரகங்களிலிருந்தும் வந்தது.

மரவள்ளியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. அமேசான் காடுகளின் தெற்கு விளிம்பில் இன்றும் தானாக முளைத்து வளரும் காட்டு மரவள்ளியே அதன் மூதாதை என்று 1999-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. அந்தத் தாய்மண்ணில் நம் தேமல் நோய் கிடையாது. போர்த்துக்கீசியர் கொண்டுபோய் ஆப்பிரிக்காவிலும், பின்னர் இந்தியாவிலும் மரவள்ளி வேரூன்றிய பிறகே, அந்தந்த மண்ணின் வைரஸ்கள் அதைப் பற்றிக்கொண்டன. நம் தோட்டங்களில் இருப்பவை இந்திய மரவள்ளித் தேமல் வைரஸும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸும் ஆகும். பிறந்த ஊரில் கண்டே இராத பகையைத் தாங்கும் வலு பெரும்பாலான ரகங்களுக்கு இல்லாமல் போனதில் வியப்பில்லை.

1930களில் இன்றைய தான்சானியாவிலுள்ள அமானி ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோரி, நிக்கல்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் மரவள்ளியை அதன் உறவான சியாரா ரப்பர் மரத்துடன் கலப்பினம் செய்தார்கள். அந்த ரப்பர் மரம் வடகிழக்கு பிரேசிலைச் சேர்ந்தது. மரவள்ளிக்குப் பாட்டனன்று, பங்காளி. கலப்பில் பிறந்த செடிகள் நோயைத் தாங்கின, ஆனால் கிழங்கு தேறவில்லை. எனவே கிழங்கு திரும்பக் கிடைக்கும் வரை அவற்றை மரவள்ளியுடனேயே மீண்டும் மீண்டும் கலந்தார்கள். அந்த வழித்தோன்றல்கள் நைஜீரியாவின் இபாதான் நகருக்குப் போய், பல நாடுகளுக்குப் பரவிய ரகங்களுக்கு மூலமாயின. இபாதானிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு ரகத்தையே திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ பத்மநாபா என்ற பெயரில் வெளியிட்டது. பிற்பாடு மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளின் சாதாரண நாட்டு ரகங்களிலும் இன்னொரு வகை எதிர்ப்புச் சக்தி இருப்பது தெரியவந்தது, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி ஒன்றில் ஏற்பட்ட சிறு மாற்றமே அதற்குக் காரணம் என 2022-இல் கண்டறிந்தார்கள். யாரோ ஒரு குடியானவர் பயனில்லை என்று அந்த ரகங்களைக் கைவிட்டிருந்தால் அதுவும் அவற்றோடு போயிருக்கும்.

நாம் குச்சியை வெட்டி நடுகிறோம். ஆகவே ஒரு வட்டாரத்து மரவள்ளித் தோட்டங்கள் முழுவதும் ஒரே செடியின் நகல்களாக நிற்கின்றன. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்குகிறது, குச்சியோடு அடுத்த போகத்துக்கும் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பார்வைக்கு நன்றாக இருந்த விதைக்குச்சியை வெளியூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து வாங்கி நட்டேன். இரண்டாம் மாதமே கொழுந்து சுருண்டு மஞ்சள் பாய்ந்தது. அறுவடையில் கிழங்கு சிறுத்து, மில்லில் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) போடும்போது பாதி விலைகூடத் தேறவில்லை.

அமேசான் பகுதிப் பழங்குடி விவசாயிகளும் குச்சிதான் நடுகிறார்கள். ஆனால் விதை விழுந்து தானாக முளைக்கும் கன்றுகளைக் களையென்று பிடுங்கிவிடாமல் வளரவிட்டு, நல்லதைத் தேர்ந்து அதன் குச்சியையும் சேர்த்து நடுகிறார்கள். விதையில் பிறக்கும் ஒவ்வொரு கன்றும் புதிய சேர்க்கை என்பதால், அவர்கள் நிலத்தில் பயிர் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. நம் பக்கம் அந்தக் கன்றை நானும் பல முறை கொத்தி எறிந்திருக்கிறேன், இப்போது எறிவதில்லை.

தேமலுக்கு மட்டுமல்ல, பூச்சிக்கும் தீர்வு மரவள்ளியின் தாய்மண்ணிலிருந்தே வந்தது. 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு நம் மாவட்டங்களுக்கும் வந்த மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க விடப்பட்ட சிறு குளவியும் தென் அமெரிக்க மண்ணைச் சேர்ந்ததே. கொல்லிமலையில் இன்னும் கிடைக்கும் காட்டு வள்ளிக்கிழங்கு வகைகள் மரவள்ளிக்கு வேறு குடும்பமானாலும், பயிராகும் வள்ளிக்கிழங்குக்கு அவை இதே முறையில் காட்டுச் சொந்தம். அவற்றையும் காக்க வேண்டும்.

தேமல் பரவிய தோட்டத்தில் பசுமை மாறாமல் நிற்கும் செடி எதையேனும் கண்டால், அதை ஆலைக்கு அனுப்பும் முன் குச்சியை எடுத்து வைத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிவிக்குமாறு தங்கள் இதழ் விவசாயிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். நோயற்ற விதைக்குச்சி கிடைக்கும் இடங்களையும் நடவுப் பருவத்துக்கு முன்பே வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
குச்சிக்கிழங்கு விவசாயி ஒருவர்,
இராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.