ஆராய்ச்சி நிறுவனங்களும் பெண்களும்: மானியத்தோடு நிபந்தனையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் 11ஆம் தேதி அறிவியலில் பெண்களுக்கான பன்னாட்டு நாளையும் 28ஆம் தேதி தேசிய அறிவியல் நாளையும் ஒட்டிப் பெண் விஞ்ஞானிகளைப் பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. அம்பாசமுத்திரத்தில் தமிழ்வழியில் படித்து, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகி, 2022இல் நாடெங்கும் மத்திய அரசின் ஆய்வுக்கூடங்களை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் முதல் பெண் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற கலைச்செல்வி அவர்களின் வரலாற்றைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆனால் 1942இல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்புக்கு ஒரு பெண் தலைமையேற்க எண்பது ஆண்டுகள் ஆயின என்பதைப் பற்றி இக்கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. தனிமனிதர்களின் விடாமுயற்சியைப் போற்றும் அளவுக்கு, அவர்கள் பணியாற்றும் நிறுவனங்களின் விதிகளையும் வழக்கங்களையும் நாம் ஆராய்வதில்லை என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

பெண்கள் அறிவியல் படிக்க முன்வருவதில்லை என்ற பழைய காரணம் இன்று செல்லாது. நம் நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெறுவோரில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் பெண்கள். வளர்ந்த நாடுகள் பலவற்றைவிட இது அதிகம். உயர்கல்வி பற்றிய அகில இந்திய ஆய்வறிக்கைகளின்படி, எல்லாத் துறைகளையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருப்போரிலும் பாதியை நெருங்கும் அளவுக்குப் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முதுநிலை வேதியியல், இயற்பியல் வகுப்புகளில் பெரும்பாலான இருக்கைகளில் அமர்ந்திருப்பவர்கள் பெண்களே என்பதை எந்த ஆசிரியரும் சொல்வார். இருந்தும், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2018இல் நாட்டின் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணிகளில் நேரடியாக ஈடுபட்டிருந்தோரில் பெண்கள் 16.6 சதவீதம் மட்டுமே. உலக அளவில் இந்த விகிதம் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, பள்ளி வாசலிலோ கல்லூரி வாசலிலோ அல்ல, முனைவர் பட்டத்துக்கும் நிரந்தரப் பணிக்கும் இடையிலுள்ள சில ஆண்டுகளில்தான் நாம் இவர்களை இழக்கிறோம்.

இந்த இடைவெளியை அரசு கவனிக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. குடும்பப் பொறுப்புகளால் ஆராய்ச்சியை இடையில் விட்ட பெண்கள் மீண்டும் வருவதற்கென்றே அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதேபோன்ற திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இத்திட்டங்களால் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியவர்கள் பலர். காப்புரிமைத் துறையில் பயிற்சி பெற்று அதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. ஆனால் மூன்றாண்டு நல்கை (ஆய்வு உதவித்தொகை) முடிந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு இத்திட்டங்களில் விடை கிடையாது. நல்கையோடு வருபவரை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது; அவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைத் தன் ஆண்டறிக்கையில் கணக்கு காட்டிக்கொள்கிறது; நல்கை தீர்ந்ததும் விடை கொடுத்து அனுப்பிவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்த ஒருவர், தம்மைவிடப் பத்து வயது இளைய உதவிப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலை மேசைக்காகக் கோரிக்கை எழுதிக்கொண்டிருப்பதை நம் பல்கலைக்கழகங்களில் சாதாரணமாகக் காணலாம். பணத்தை அரசு கொடுக்கிறது, உழைப்பைப் பெண் கொடுக்கிறாள். நிறுவனம் தன் விதிகளில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்பதே இத்திட்டங்களின் பெரிய குறை.

விதிகளும், எழுதப்படாத வழக்கங்களும் எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பதற்குக் கரிம வேதியியலாளர் தர்ஷன் ரங்கநாதன் அவர்களின் வாழ்க்கை ஒரு சான்று. தில்லியில் முனைவர் பட்டமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மேல் ஆய்வும் முடித்து 1970 வாக்கில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த அவர், கணவர் அதே நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த காரணத்தால், கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் ஆசிரியர் பணி தருவதில்லை என்ற எழுதப்படாத விதியின் பெயரில் அங்கு வழக்கமான ஆசிரியர் பதவியைப் பெறவே இல்லை. திருவனந்தபுரத்துக்கும் பின்னர் ஹைதராபாதுக்கும் மாறிச் செல்லும்வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நல்கைகளைக் கொண்டே அவர் ஆராய்ச்சி செய்தார். 2001இல் மறைந்தபோது நாட்டின் முன்னணிக் கரிம வேதியியலாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். அவருடைய திறமையில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. இன்று அந்த விதியைப் பகிரங்கமாக யாரும் சொல்வதில்லை என்றாலும், தேர்வுக் குழுவின் முன் அமரும் பெண்ணிடம் "கணவருக்கு எந்த ஊரில் வேலை?" என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. ஆண் விண்ணப்பதாரரிடம் மனைவியின் வேலையைப் பற்றிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பெரிய விதிகளை விடுங்கள். அன்றாட நடைமுறைகளைப் பார்ப்போம். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த மாணவி ஒருவர் தம் படிக மாதிரிகளை, எக்ஸ் கதிரால் படிகங்களின் அமைப்பை அறியும் எக்ஸ்ஆர்டி கருவியில் அளந்து பார்க்க வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. பல துறைகளுக்கும் பொதுவான அந்தக் கருவியில் பகல் நேரம் அங்குள்ள துறையினருக்கே சரியாக இருந்ததால், வெளியிலிருந்து வருவோருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் நேரம் ஒதுக்குவார்கள். அவர் தங்கியிருந்த மகளிர் விடுதியின் கதவோ எட்டு மணிக்குப் பூட்டப்படும். பின்னர் வருவதென்றால் நெறியாளரின் கடிதம், துறைத்தலைவரின் கையொப்பம், விடுதிக் காப்பாளரின் அனுமதி, பெற்றோரின் தொலைபேசி ஒப்புதல் என நான்கும் ஒவ்வொரு முறையும் தேவை. ஆண்கள் விடுதியில் அந்தப் பதிவேடே கிடையாது. ஆகவே அவர் தம் மாதிரிகளை உடன் ஆய்வு செய்த மாணவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பி அளவீடு பெற்றார். அந்தக் கட்டுரையில் அளவீட்டுப் பகுதியைச் செய்தவர் என்ற பெருமை அம்மாணவருக்குப் போயிற்று. பாதுகாப்பு கருதியே இந்தக் கட்டுப்பாடு என்றார்கள். பாதுகாப்புதான் நோக்கமென்றால், இரவில் வளாகத்துக்குள் ஒரு வாகனமும், ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிவரை விளக்குகளும், கூடத்துக்கு அருகில் ஒரு கழிப்பறையும் போதுமே! அவற்றுக்குச் செலவாகும்; கதவைப் பூட்டச் செலவில்லை.

மகப்பேறு தொடர்பான சலுகைகளையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் பெண்களுக்கு 240 நாள் விடுப்பும், பட்டத்தை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதல் காலமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகளில் இருக்கின்றன. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேசியத் தகுதித் தேர்வு வழியே கிடைக்கும் இளநிலை, முதுநிலை ஆய்வு நல்கைகள் இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளோடு முடிந்துவிடுகின்றன. கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு ஆண்டுகளில் கைக்குழந்தையோடு, வருமானம் எதுவுமின்றி ஆய்வை முடிக்க வேண்டும் என்றால், அந்தச் சலுகை வீட்டில் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விதித்தது. ஆய்வு மாணவியர் ஊழியர் கணக்கில் வரமாட்டார்கள் என்று காரணம் சொல்லி, காப்பகம் இருக்கும் இடங்களில்கூட அவர்களுடைய குழந்தைகளைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு வழங்குவது பாராட்டத்தக்கது. அதே மாநிலத்தின் பல்கலைக்கழக வளாகத்தில் திட்ட உதவியாளராகப் பணியாற்றும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதோ திட்டத்துக்குத் திட்டம், நெறியாளருக்கு நெறியாளர் மாறுகிறது.

நிறுவனங்களைத் தாமாக மாறச் சொல்லிக் காத்திருப்பதில் பயனில்லை என்பதைப் பிறநாட்டு அனுபவம் காட்டுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் 1990களில் தம் ஆய்வுக்குக் கூடுதல் இடம் கேட்டு மறுக்கப்பட்டபோது, இரவு நேரத்தில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ச் சக ஆண் பேராசிரியர்களின் ஆய்வுக்கூடங்களை அளந்தார். தமக்குக் குறைவாகவே ஒதுக்கப்பட்டிருந்தது என்பது அந்த அளவுகளில் தெரிந்தது. அங்கு அறிவியல் புலத்தின் ஆறு துறைகளிலும் 1994இல் நிரந்தரப் பதவியில் இருந்தவர்கள் 194 ஆண்களும் 15 பெண்களும்தாம். அந்தப் பெண்கள் ஒன்றுகூடிக் கேட்டதன் விளைவாக அமைந்த குழுவின் அறிக்கை 1999இல் வெளியானபோது, பாகுபாடு நிலவியதை நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். எண்களை வைத்து வாதிட்டதால்தான் அது மறுக்க முடியாததாயிற்று.

பிரிட்டனில் 2005இல் தொடங்கிய 'அதீனா ஸ்வான்' சாசனம், பல்கலைக்கழகங்கள் தங்கள் பணி நியமனம், பதவி உயர்வு, ஊதியம் ஆகியவற்றை ஆண், பெண் வாரியாகத் தாமே ஆராய்ந்து, திருத்தத் திட்டம் வகுத்து, அதற்கேற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற தகுதிகளைப் பெறும் முறையாகும். முதல் சில ஆண்டுகள் ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே சேர்ந்தார்கள். 2011இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி, வெள்ளித் தகுதி பெறாத மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறிப்பிட்ட பெரிய ஆராய்ச்சி நிதிகள் கிடைப்பது அரிது என்று அறிவித்த பிறகுதான் விண்ணப்பங்கள் குவிந்தன. அம்முறையிலும் குறைகள் இருந்தன. படிவங்களை நிரப்பும் வேலை பெண் ஆசிரியர்களின் தலையிலேயே விழுந்தது. காகித வேலை பெருகிவிட்டது என்ற காரணத்தால் 2020இல் நிபந்தனையும் தளர்த்தப்பட்டது. ஆயினும் பணத்தோடு இணைத்தால் நிறுவனங்கள் அசையும் என்பது அங்கு ஐயமின்றித் தெரிந்துவிட்டது.

இதே மாதிரியைப் பின்பற்றி நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டு தேசிய அறிவியல் நாளன்று 'கதி' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டு, முன்னோட்டமாக 30 நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இயற்பியலாளர் ரோகிணி கோட்போலே போன்றவர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பலன் இது. நல்ல தொடக்கம்தான், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ள நாட்டில் விருப்பமுள்ள முப்பது நிறுவனங்களோடு நின்றுவிட்டால் அது தொடக்கமாகவே இருந்துவிடும். ஆராய்ச்சி மானியம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு துறையிலும் எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் நியமனம் பெற்றார்கள், ஆய்வுக்கூட இடமும் தொடக்க நிதியும் யாருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டன என்பதை ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதை மானியத்தின் நிபந்தனையாக்குவதில் என்ன தடை?

தகுதி என்ன ஆவது என்று சிலர் கேட்பார்கள். நான் கேட்பது இடஒதுக்கீடுகூட அல்ல, கணக்கு. ஒதுக்கீடே கேட்டாலும் அஞ்சத் தேவையில்லை என்பதற்கு ஐ.ஐ.டி.க்களின் இளநிலை மாணவர் சேர்க்கை சான்றாக இருக்கிறது. பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்த மாணவியர் எண்ணிக்கையை, மாணவர்களின் இடங்களில் ஒன்றையும் குறைக்காமல் கூடுதல் இடங்களை உருவாக்கி, 2018இல் 14, அடுத்து 17, 2020இல் 20 சதவீதம் என்ற இலக்குகளை வைத்து உயர்த்தினார்கள். அவர்களும் அதே நுழைவுத் தேர்வில் தேறி வந்தவர்களே. நிறுவனம் முடிவெடுத்தது, மூன்று ஆண்டுகளில் நடந்தது. ஆசிரியர் நியமனத்தில் அத்தகைய இலக்கை ஏன் வைப்பதில்லை என்று கேட்டால் மட்டும் தகுதி குறுக்கே வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு இருப்பதாகவே நினைக்கிறேன். அரசுப் பள்ளி மாணவியர் கல்லூரிக்குச் செல்ல மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' திட்டத்தை 2022இல் தொடங்கிய மாநிலம், அந்த மாணவியர் ஆய்வுப் படிப்பை எட்டும் காலத்துக்காக இப்போதே ஆயத்தம் செய்ய வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவியருக்கான விடுதி நேரக் கட்டுப்பாடுகள் மாணவர்களுக்கு உள்ளவையாகவே இருக்க வேண்டும். மாநில அரசு வழங்கும் ஆய்வு நல்கைகளில் மகப்பேறு விடுப்புக் காலம் நல்கைக் காலத்திலிருந்து கழிக்கப்படாமல், அந்த மாதங்களுக்குரிய தொகையும் தனியே வழங்கப்பட வேண்டும். காப்பகங்கள் ஆய்வு மாணவ, மாணவியர் இருசாராரின் குழந்தைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். தந்தையரான ஆய்வு மாணவர்களும் அங்கு குழந்தையை விட வந்தால்தான் அது பெண்களுக்கு அளித்த சலுகை என்ற பேச்சு ஓயும். பாலியல் துன்புறுத்தல் பற்றிப் புகார் அளிக்கும் ஆய்வு மாணவி, நெறியாளரை மாற்றிக்கொள்ளும்போது அதுவரை செய்த ஆய்வையும் எழுதிய கட்டுரைகளின் உரிமையையும் இழக்காதபடி விதி தெளிவாக எழுதப்பட வேண்டும். அந்த அச்சம் நீங்காதவரை 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த புகார்க் குழுக்களுக்கு ஆய்வு மாணவியர் வருவது அரிதாகவே இருக்கும்.

இவற்றில் விடுதி நேரமும், காப்பக அனுமதியும், நியமனப் புள்ளிவிவரங்களை வெளியிடுவதும் அந்தந்தப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவே தீர்மானிக்கக் கூடியவை. நல்கைத் தொகைக்கு மட்டும் அரசின் நிதி ஒதுக்கீடு தேவை. வரும் நிதிநிலை அறிக்கையின் உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் எவரேனும் இதை எழுப்புவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் பேராசிரியை (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி.